‘படி’ ஒரு சொல்லா, பல சொற்களா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். புனலூரில் பிறந்து மலையாளத்தில் பள்ளிப்படிப்பை முடித்து, வேலை நிமித்தமாக இப்போது தென்காசியில் குடியிருப்பவர் கேட்டிருக்கிறார்: ‘அலுவலகச் சுற்றறிக்கையில் அரசாணைப்படி அகவிலைப்படி உயர்த்தப்படுகிறது என்று இருந்தது. மகளின் கணக்குப் புத்தகத்தில் இருபடிச் சமன்பாடு. பொரிக்கடையில் படி என்ன விலை என்கிறார்கள். வாடகை ஒப்பந்தத்தில் வரிக்கு வரி மேற்படி. எங்கள் ஊரில் படி என்றால் வாசலும் கல்லும்தான். இவையெல்லாம் ஒரே சொல்லா? அகராதியைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது, எதை முதலில் கற்பது?’

ஒரே சொல் அல்ல. ஒரே உடுப்பைப் போட்டுக்கொண்ட வெவ்வேறு வீட்டுப் பிள்ளைகள். என் கணக்கில் நான்கு வீடுகள். ஏறுகிற படியும் வண்டல் படிவதும் ஒரு வீடு. நெல் அளக்கிற படியும் சம்பளத்தோடு வருகிற படியும் இன்னொரு வீடு. ஏட்டுப்படி, படிமம் என்று நகலையும் உருவத்தையும் குறிப்பவை வடக்கேயிருந்து வந்து குடியேறியவை. ‘சொன்னபடி’, ‘சட்டப்படி’ என்று பிற சொல்லின் முதுகில் ஏறிக்கொண்டு மட்டும் வருவது நான்காவது. வீட்டை அடையாளம் கண்டுகொண்டால் அகராதிப் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நான் செங்கோட்டையில் பத்திரம் எழுதிப் பிழைப்பவன். நாள் முழுக்க இந்தச் சொல்லோடுதான் குடித்தனம். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

உங்களுக்குப் பழக்கமான கல்படியிலிருந்தே தொடங்குவோம். வாசற்படி, மாடிப்படி, படிக்கட்டு ஆகியவை இரு மொழிக்கும் பொது. ஆனால் மலையாளத்துப் படி கல்லோடு நிற்பதில்லை. வளாகத்தின் நுழைவாயிலையே படி என்கிறீர்கள். நுழைவாயிலில் கட்டிய சிறு கட்டடம் படிப்புர. அங்கிருந்து அது சாலைக்கும் வந்து பஸ் நிறுத்தத்தின் பெயராகிவிட்டது: ஆஸ்பத்திரிப்படி, ஸ்கூள்படி, பள்ளிப்படி. தமிழ்நாட்டிலிருந்து வருகிற ஐயப்ப பக்தர் ‘ஆஸ்பத்திரிப்படி’ என்று கண்டக்டர் கூவுவதைக் கேட்டால் எட்டிப் பார்த்துப் படிக்கட்டைத் தேடுவார். தமிழில் படி இவ்வளவு அகலமாவதில்லை. ஆனால் மான அவமானம் முழுவதையும் அதன்மேல்தான் ஏற்றிவைத்திருக்கிறோம். ‘இனி உன் வாசற்படி மிதிக்கமாட்டேன்’ என்றால் உறவு முறிந்தது. ‘கோர்ட்டுப் படி ஏறவைத்துவிட்டான்’ என்றால் குடும்பத்துக்கே இழுக்கு. உங்கள் பக்கத்தில் ‘படியடச்சு பிண்டம் வைக்குக’ என்று ஒருவரை உயிரோடு இருக்கும்போதே செத்தவராக்கி ஒதுக்குவதும் இதே படியை வைத்துத்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தலைமையாசிரியர் ஓய்வு பெற்றால் மலையாளப் பத்திரிகைகள் ‘படியிறங்கினார்’ என்று மரியாதையாக எழுதும். அதைத் தமிழில் அப்படியே வாழ்த்து மடலில் எழுதிவிடாதீர்கள். தமிழில் இறங்குவது பெருமை இல்லை. ‘ஒரு படி இறங்கிப் பேசினார்’ என்றால் வீறாப்பை விட்டுக்கொடுத்தார் என்று பொருள். ஓய்வு பெறுபவருக்கு அது உவப்பாக இருக்காது.

கார்த்திகை பிறந்தால் எங்கள் ஊர் வழியாக ஆரியங்காவு, அச்சன்கோவில், சபரிமலை என்று போகிறவர்கள் வாயில் எந்நேரமும் இருப்பது பதினெட்டாம்படி. இலக்கணப்படி பார்த்தால் அது பதினெட்டாவது படி ஒன்றை மட்டுமே குறிக்கவேண்டும். ஆனால் பதினெட்டும் சேர்ந்த வரிசைக்குத்தான் அந்தப் பெயர். இருமுடி சுமந்தவர் மட்டும் ஏறலாம் என்ற நெறியும் முழு வரிசைக்குத்தான். கருங்கல்லாக இருந்த படிகளுக்குப் பஞ்சலோகத் தகடு போர்த்தப்பட்டது பிற்காலத்தில். மதுரைக்குப் பக்கத்தில் அழகர்கோவிலில் இருப்பவரும் பதினெட்டாம்படிக் கருப்பர்தான். அங்கே சிலை கிடையாது, மூடிய கதவுக்குத்தான் சந்தனம் சாத்தி வழிபாடு. கொடுக்கல் வாங்கல் தகராறுக்கு அந்த வாசலில் சத்தியம் வாங்குவது பழைய வழக்கம். முத்திரைத்தாளில் நான் எழுதித் தருகிற உறுதிமொழிக்கு அஞ்சாத ஆட்கள்கூட அந்தப் படியில் கைவைத்துப் பொய் சொல்லத் தயங்குவார்கள். தொழில்முறையில் எனக்கு இதில் சிறிது பொறாமை உண்டு.

ஏறுகிற படி கருத்தில் ஏறும்போது நிலை, கட்டம் என்றாகிறது. படிப்படியாக, படிநிலை, ஒருபடி மேலே எல்லாம் இதுதான். பரிணாமம் என்ற சொல் வேண்டாம் என்று கருதுபவர்கள் உயிரியலில் ‘படிமலர்ச்சி’ என்று எழுதுவதும் இதிலிருந்தே. உங்கள் மகளின் கணக்குப் புத்தகமும் இந்த வீட்டைச் சேர்ந்ததே. ஒரு கோவையில் மாறியின் மேல் ஏறியிருக்கும் அடுக்குகளில் எது மிகப் பெரியதோ அதுவே அந்தக் கோவையின் படி. அது ஒன்றானால் ஒருபடி, இரண்டானால் இருபடி, மூன்றானால் முப்படி. அடுக்கும் படியும் ஒன்றென்று பிள்ளைகள் குழப்பிக்கொள்வார்கள். அடுக்கு ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனியாக உண்டு. படி முழுக் கோவைக்கும் ஒன்றுதான். நீங்கள் படித்த மலையாளப் பாடநூலில் இது ‘ரண்டாம்கிருதி சமவாக்கியம்’ என்று இருந்திருக்கும். மகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது கிருதி என்று வாயில் வந்தால் படி என்று மாற்றிக்கொள்ளுங்கள், கணக்கு மாறாது.

ஆங்கிலத்தில் கோணத்துக்கும் கோவைக்கும் பல்கலைக்கழகச் சான்றுக்கும் டிகிரி என்ற ஒரே சொல்தான். தமிழ் இதை மூன்றாகப் பிரித்துக்கொண்டது: கோணத்துக்குப் பாகை, கோவைக்குப் படி, படிப்புக்குப் பட்டம். காபிக்கு மட்டும் டிகிரியை அப்படியே விட்டுவைத்திருக்கிறோம்.

அடுத்து, படிதல். மேலே இருந்தது கீழே வந்து அமைவது. குளத்தில் வண்டல் படிகிறது, அலமாரியில் தூசி படிந்திருக்கிறது, எண்ணெய் வைத்தும் தலைமுடி படியவில்லை. மலையாளத்தில் மணல் ‘அடிஞ்ஞு’ என்று நீங்கள் சொல்கிற இடத்தில் நாங்கள் ‘படிந்தது’ என்போம். மனிதர்களும் படிவார்கள்: சொல்லுக்கு அடங்கும் பிள்ளை படிகிறவன், அடங்காதவன் படியாதவன். மாட்டுச்சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேசி விலை ஒத்துவந்தால் பேரம் படிந்தது. நிலவியல்காரர்கள் இதே சொல்லை எடுத்துப் படிவுப் பாறை என்றார்கள். ஆறும் கடலும் கொண்டுவந்து அடுக்கடுக்காக இட்ட மணலும் களிமண்ணும் சுண்ணாம்பும் காலப்போக்கில் இறுகிப் பாறையானது. அதற்குள் சிக்கிய பழைய உயிர்களின் தடம் புதைபடிவம். கலைச்சொல் ஆக்கியவர்களைப் பாராட்ட வேண்டிய இடம் இது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடச் சொல்லைக் கேட்டதும் பொருள் பாதி விளங்கிவிடும்.

பழந்தமிழில் படிதல் என்றால் நீரில் மூழ்கிக் குளிப்பதும்தான். இதைத் தெரிந்துகொண்டால் படித்துறை என்ற சொல் வேறு மாதிரித் தெரியும். பாபநாசம் தொடங்கித் தாமிரபரணிக் கரை நெடுக இருக்கிற படித்துறைகளைப் பார்க்கிறவர், படிக்கட்டு இருப்பதால் படித்துறை என்றுதான் நினைப்பார். குளிக்கும் துறை என்று கொண்டாலும் பொருள் பழுதில்லாமல் பொருந்துகிறது. ஒரு பொருளைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று என்னைக் கட்டாயப்படுத்தினால் நான் குளியல் பக்கம்தான் நிற்பேன். படிக்கட்டே இல்லாத மணல் துறையிலும் மக்கள் முன்பு நீர் படிந்திருக்கிறார்கள்.

படிகாரம் மட்டும் ஏமாற்றுக்காரச் சொல். கலங்கிய குடிநீரில் படிகாரத்தைச் சுற்றிவிட்டால் சேறு அடியில் படியும். ஆகவே படியவைக்கும் காரம் என்று விளக்கம் சொல்பவர்கள் ஊருக்கு நான்கு பேர் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது ஸ்படிகம் என்ற வடசொல் தமிழில் படிகம் ஆகி, அதனோடு காரம் சேர்ந்து வந்தது. வேதியியல் பாடத்தில் வருகிற படிகமும், படிகமாக்கலும் அந்த ஸ்படிகத்தின் வழிதான். படிதலோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

வாசிக்கிற படியில் நீங்கள் கட்டாயம் இடறுவீர்கள். மலையாளத்தில் பத்திரிகையை வாயிக்குகிறீர்கள், பாடத்தைப் படிக்குகிறீர்கள், இரண்டும் வேறு. தமிழில் இரண்டுக்கும் படிதான். நாளிதழ் படித்தேன், பொறியியல் படித்தேன். ‘பேப்பர் படித்தீர்களா?’ என்று அலுவலகத்தில் கேட்டால் தேர்வு வைக்கப்போகிறார்கள் என்று பயப்படவேண்டாம். எங்கள் தென்மாவட்டத்தில் இன்னொன்றும் உண்டு. பாட்டுப் படிக்கிறார் என்றால் பாடுகிறார் என்று பொருள். கோவில் கொடையில் வில்லுப்பாட்டுப் படிக்கிறவர் கையில் புத்தகத்தைத் தேடாதீர்கள். இந்தப் படி எங்கிருந்து வந்தது என்பதில் இரு கட்சி உண்டு. மலையாளத்தில் மூச்சு அழுத்தி ஒலிக்கிற டகரத்தோடு எழுதுகிறீர்கள், அது வடமொழி வேரைக் காட்டுகிறது என்பது ஒரு கட்சி. மனத்தில் படிய வைப்பதால் படிப்பு என்பது மறு கட்சி. இரண்டாவது விளக்கம் ஆசிரியர்களுக்குப் பிடித்தமானது. சொற்பிறப்புச் சண்டையில் சேராமலே நடைமுறைக்கு ஒன்று சொல்லலாம். இறந்தகாலத்தைப் பாருங்கள். தகரத்துக்கு முன் மெல்லெழுத்து வந்தால் (படிந்தது) வண்டல், வல்லெழுத்து வந்தால் (படித்தது) புத்தகம். இந்த ஒரு எழுத்தை மாற்றிவிட்டால் ‘பையன் நன்றாகப் படிந்தான்’ என்று மதிப்பெண் பேசப்போய் அவன் அடங்கிவிட்டான் என்றாகிவிடும்.

இனி அளவை. எனக்குப் பிடித்த பகுதி, ஆகவே அவசரப்படமாட்டேன்.

பழைய முகத்தல் அளவையில் இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி அல்லது படி. எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். ஆகக் கலத்துக்கு 96 படி. உங்கள் பக்கம் நாழி இருந்தது, ஆனால் நான்கு நாழி ஓர் இடங்கழி, பத்து இடங்கழி ஒரு பற என்று ஏணி வேறு மாதிரி. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கே படியளக்கிறோம், மேற்கே பற நிறைக்கிறீர்கள். நடுவில் நாழி மட்டும் இரு பக்கத்துக்கும் சொந்தம்: எங்கள் திருமண மேடையில் நிறைநாழி, உங்கள் திருவிழாவில் நிறபற. படியிலும் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. சின்னப்படி, பெரியபடி, பட்டணம்படி என்று கேட்டுத்தான் விலை பேசுவார்கள். சென்னைப் பட்டணத்துப் படி ஒன்றரை லிட்டருக்கும் கூடுதல்.

1956இல் எடைக்கும் அளவுக்கும் தர நிர்ணயச் சட்டம் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மெட்ரிக் முறை கட்டாயமானது. அதே 1956 நவம்பர் 1இல்தான் திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைக்கோடும் மாறியது, அளவும் மாறியது. லிட்டரும் கிலோவும் அரிசியையும் பருப்பையும் எடுத்துக்கொண்டன. படி இப்போது ஒதுங்கியிருக்கிற இடங்களில் பொரிக்கடையும் ஒன்று. பொரி எடையில் நிற்காத பண்டம். காற்றைத் தராசில் வைத்து என்ன செய்வது? ஆயுதபூஜைக்கு முதல் நாள் சந்தையில் நின்று பாருங்கள். கடைக்காரர் இரும்புப்படியைப் பொரிக்குவியலுக்குள் சாய்த்துக் குத்தி நிமிர்த்துவார். கூம்பாக நிற்பதை இடக்கையால் அணைத்துக்கொண்டே பைக்குள் கவிழ்ப்பார். தலைதட்டி அளந்தால், அதாவது விளிம்போடு வழித்துவிட்டால், வாங்குகிறவர் முகம் மாறும். முதல் படியை ‘ஒன்று’ என்று எண்ணமாட்டார், ‘லாபம்’ என்பார். இரண்டு, மூன்று அதன்பிறகுதான். லாபம் என்று கேட்டு, இவர் நம்மிடம் கொள்ளையடிப்பதாக நினைத்துவிடாதீர்கள், எண்ணத் தொடங்கியிருக்கிறார், அவ்வளவே. தராசுத்தட்டில் எடைக்கு வைப்பது படிக்கல். கால்வைத்து ஏறுவதும் படிக்கல்தான். இந்த ஒன்றில் இரண்டு வீடும் முட்டிக்கொள்கின்றன.

கூலி காசாக வருவதற்கு முன் நெல்லாக வந்தது. பண்ணையில் ஆண்டு முழுவதும் கட்டுப்பட்டு வேலை செய்து, நாளுக்கு இத்தனை என்று தானியம் அளந்து வாங்கியவர் படியாள். அந்தச் சொல்லில் இனிமை ஒன்றும் இல்லை. அளக்கிற கை யாருடையதோ அவர் வைத்ததே அளவு, அதை எதிர்த்துக் கேட்க வாங்குகிறவருக்கு வாய் இல்லை. கோவில்களில் நாள்தோறும் பூசைக்கும் நைவேத்தியத்துக்கும் ஊழியருக்கும் இன்னின்ன பொருள் இவ்வளவு என்று வகுத்த திட்டம் படித்தரம். மலையாளத்துக் கோவில்களிலும் இதே சொல் வழங்குகிறது. உலகத்துக்கே கூலி தருகிறவன் என்ற எண்ணத்தில் கடவுளைப் படியளக்கிறவன் என்கிறோம். மதுரையில் மார்கழி அஷ்டமியன்று சப்பரம் வீதி வரும்போது அரிசியைத் தூவிச் செல்வது அந்தப் படியளப்பை நினைத்துத்தான்.

அளவையிலிருந்து அலுவலகத்துக்கு இப்போது ஒரே எட்டு. நாளுக்கு ஒரு படி அரிசி என்ற இடத்தில் காசு வந்தது, பெயர் மட்டும் படியாகவே தங்கிவிட்டது. பயணப்படி, வீட்டு வாடகைப்படி, மருத்துவப்படி எல்லாம் அந்தப் பிள்ளைகள். அகவிலைப்படி இவற்றில் தனி அழகு. அகவிலை என்றால் தானிய விலை. அரிசி விலை ஏறினால் வயிற்றுக்குக் குறையும், அந்தக் குறையை நிரப்பத் தரும் படி. அரசு ஊழியர்களுக்கு இந்தத் தொகை இரண்டாம் உலகப் போர்க் காலத்து உணவுப்பொருள் விலையேற்றத்தை ஒட்டி வந்தது என்பதை நினைத்தால், சொல் எவ்வளவு துல்லியமாகத் தைத்திருக்கிறது என்று தெரியும். கேரள அரசு ஆணையில் இது க்ஷாமபத்த. அந்தப் பத்தவும் எங்கள் லாரி ஓட்டுநர்கள் கேட்டு வாங்கும் பேட்டாவும் ஒன்றுதான். ஆக ஆணையில் படி, வண்டியில் பேட்டா. மாசப்படி என்ற சொல்லை மட்டும் தள்ளிவையுங்கள். மாதாமாதம் தரும் தொகை என்ற நேர்ப்பொருள் அதற்கு இருந்தாலும், இன்றைய மலையாளச் செய்திகளில் அதில் லஞ்ச வாடை ஏறிவிட்டது. தமிழில் அந்த வாடைக்கு மாமூல் என்று பெயர்.

நகல் வீடு சின்னது. பிரதி என்ற வடசொல் பிராகிருதத்தில் படி என்று ஒலித்தது, பிரதிமா அங்கே படிமா ஆனது. அந்த வழியில் வந்தவை ஏட்டுப்படி, படியெடுத்தல், படிமம். ஓலைச்சுவடியைக் கறையான் தின்னுமுன் இன்னொரு சுவடியில் எழுதிவைப்பது படியெடுத்தல். 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து தேடியது இத்தகைய படிகளைத்தான். ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாடம், அதாவது மூலத்தில் இருந்த சொல் எது என்று தீர்மானிக்க ஒரு படி போதாது. அதே சொல் இன்று பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் உட்கார்ந்திருக்கிறது. மரபணுவில் உள்ள செய்தியை டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. வடிவில் எழுதிக்கொள்ளும் நிகழ்வுக்குப் படியெடுத்தல் என்று பெயர். சுவடிக்காரர் கைப்பிழை போலவே உயிரணுவும் படியெடுக்கும்போது எழுத்துப்பிழை விடும் என்பதால் பெயர் பொருத்தம்தான். படிமம் சிற்பத்தில் உருவச்சிலை, கவிதையில் சொல்லால் எழுப்பும் காட்சி. விண்ணப்பப் படிவம் என்பதில் உள்ள படிவத்துக்கும் உருவம், வடிவம் என்பதே அடிப்படை. அதில் நீங்கள் நிரப்புவது மட்டும் நவீனம்.

படிக்கு உலகம் என்றும் பொருள் உண்டு. திருக்குறள் 606இல் படியுடையார் என்பது நிலமாளும் அரசர். பேச்சில் இது செத்துப்போயிற்று, தேர்வு எழுதினால் ஒழியத் தேவையில்லை.

கடைசி வீடு, ஒட்டிக்கொண்டு வருகிற படி. எப்படி, அப்படி, இப்படி என்பவற்றில் இருப்பது இதுதான், விதம் என்று பொருள். நீங்கள் எங்ஙனெ, அங்ஙனெ, இங்ஙனெ என்று வேறு வழியில் போய்விட்டதால் உங்களுக்கு இது புதிது. பெயர்ச்சொல்லோடு சேர்ந்தால் ‘அதற்கு ஏற்ப’: சட்டப்படி, வழக்கப்படி, கணக்கின்படி. நீங்கள் ‘பிரகாரம்’ போடுகிற இடம். வினையோடு சேர்ந்தால் மூன்று வேலை செய்யும். ‘சொன்னபடி செய்தார்’ என்றால் சொன்னவாறே செய்தார். ‘பேசியபடி நடந்தார்’ என்றால் பேச்சும் நடையும் ஒரே நேரத்தில். ‘வரும்படி சொன்னார்’ என்றால் வரச் சொன்னார். ‘பேசியபடி பணத்தைத் தந்தார்’ என்ற வாக்கியம் இரண்டாக உடையும்: ஒப்புக்கொண்டவாறு தந்தாரா, வாய் பேசிக்கொண்டே தந்தாரா? பத்திரத்தில் இந்த மாதிரி இடம் வந்தால் நான் ‘பேசி முடிவு செய்தவாறு’ என்று மாற்றிவிடுவேன். வழக்கறிஞருக்கு வேலை வைக்கக்கூடாது.

இப்போது உங்கள் சுற்றறிக்கைக்கு வரலாம். ‘அரசாணைப்படி அகவிலைப்படி உயர்த்தப்படுகிறது.’ இரண்டு படியும் ஒரே கோலத்தில், ஒரே ப் போட்டு நிற்கின்றன. பிரிக்க ஒரு சோதனை இருக்கிறது. இடையில் ‘இன்’ நுழைத்துப் பாருங்கள். அரசாணையின்படி என்று நுழைகிறது, பொருள் கெடவில்லை. ஆகவே அது ஏற்ப. அகவிலையின்படி என்று நுழைத்தால் தொகை காணாமல் போய்விடுகிறது. ஆகவே அது சம்பளப் படி. இன்னொரு வழி, உயர்த்து, வழங்கு, பிடித்தம் செய் என்ற வினைகள் எதன்மேல் விழுகின்றன என்று பார்ப்பது. தொகையை உயர்த்தலாம், ‘ஏற்ப’வை யாரும் உயர்த்தமுடியாது. ‘விதிகளின்படி பயணப்படி’, ‘தீர்ப்பின்படி நிலுவைப்படி’ என எது வந்தாலும் இந்தச் சோதனை கைகொடுக்கும்.

எதை முதலில் கற்பது என்றால், என் பரிந்துரை இந்த ஒட்டுப்படிதான். கல்படி உங்களுக்கே தெரியும். அளவைப்படியை ஒருமுறை பொரி வாங்கினால் கற்றுவிடலாம். ஒட்டுப்படி இல்லாமல் தமிழில் ஒரு பக்கம்கூட வாசிக்கமுடியாது.

மேற்படிக்கு வருகிறேன். மேலே சொன்னது, அதுவேதான். மலையாள ஆதாரங்களில், அதாவது பத்திரங்களில், ‘மேப்படி’ என்று வருவதும் இதுவே, ஆகவே பயப்பட ஒன்றுமில்லை. பழைய தமிழ்ப் பத்திரங்களில் மேற்படியை எழுத்துக்கூட்டி எழுதமாட்டார்கள், ௸ என்று ஒரு சுழி போடுவார்கள். நாள், மாதம், வருடம், பற்று, வரவு என்பவற்றுக்கும் இதுபோலக் குறிகள் இருந்தன. 2003இல் யூனிகோடு இவற்றைச் சேர்த்துக்கொண்டதால் கணினியிலும் இப்போது அடிக்கலாம். பழைய ஆவணத்தில் ‘௸ ஊர் ௸ நம்பர் ௸ எல்லைக்கு மேற்கு’ என்று அடுத்தடுத்து வரும்போது, ஒவ்வொரு சுழியும் மேலே எந்த வரியைத் தொடுகிறது என்று விரல்வைத்துத் தேடவேண்டும். திருவிதாங்கூர்க் காலத்து ஆவணமாக இருந்தால் மேற்கு என்பதற்குப் படிஞ்ஞாறு என்றும் வரக்கூடும். அது நமது படி அல்ல. ஞாயிறு படுகிற திசை, படுஞாயிறு. தமிழில் மேற்கு என்றால் மேடான பக்கம், கிழக்கு என்றால் கீழான பக்கம். மலை எங்களுக்கு மேற்கே இருப்பதால் பொருந்துகிறது. உங்களுக்கு மலை கிழக்கே இருந்தும் கிழக்கு என்றே சொல்கிறீர்கள். இதைச் சுட்டிக்காட்டித்தான், திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல், அந்தச் சொல் மலைக்கு இந்தப் பக்கம் பிறந்தது என்று வாதிட்டார். பத்திரத்தில் எல்லை மால், அதாவது நிலத்தின் நான்கு எல்லை விவரம், எழுதும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும், கட்சிக்காரர் அவசரப்படுத்துவதால் சொல்வதில்லை.

உங்கள் வாடகை ஒப்பந்தத்தில் மேற்படி பல இடத்தில் இருப்பதில் தவறில்லை. ஆனால் ஒரே பத்தியில் வீட்டுக்கும் முன்பணத்துக்கும் உரிமையாளருக்கும் மேற்படி என்றே போட்டிருந்தால், எது எதைச் சுட்டுகிறது என்பது எழுதியவருக்கே பிறகு மறந்துபோகும். ‘மேற்படி தொகையைத் திருப்பித் தரவேண்டியது’ என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா பாருங்கள். அதற்கு நேர்மேலே வாடகையும் முன்பணமும் இரண்டும் குறிப்பிடப்பட்டிருந்தால், மேற்படியை அடித்துவிட்டு ‘முன்பணம்’ என்ற சொல்லையும் தொகையையும் எழுதித்தரச் சொல்லுங்கள். அடித்த இடத்தில் இரு தரப்பும் சுருக்கொப்பம் இட்டால் போதும்.